ஒரு உதை பாக்கி

இந்த இடத்தில் மட்டும் துணி சிக்குகிறது. கோப்பையின் வலது காதுக்குக் கீழே, பற்றுவைத்த இடத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது, போகாதே நில்லு என்கிற மாதிரி. நிற்கிறேன். மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மறுபடி தேய்க்கிறேன். ஊறவைத்த புளி ஒரு உருண்டை, வெந்நீர் அடுப்புச் சாம்பல் ஒரு பிடி, என் பழைய பனியனைக் கிழித்த துணி, இவ்வளவுதான் சரக்கு. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், கோப்பை இரண்டு முட்டிக்கும் நடுவில், பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. பத்து மணிக்குக் கால்பந்துச் சங்கத்து ஜீப் வரும். சங்கத்துப் பையன் கிஷோர் வருவான். அதற்குள் பளபளவென்று ஆக்கி வைக்கிறேன் என்று நானேதான் சொல்லியிருக்கிறேன், என் வாயாலேயேதான் சொன்னேன், அந்த வாயை இப்போது என்ன செய்கிறது. உள்ளேயிருந்து பவுனம்மா குரல் வருகிறது, "இன்னாங்க, ரொம்ப அழுத்தாதீங்க, இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போயிடும்." போகட்டும். போனால் என்ன. போகிறதைத்தானே தேய்க்கிறோம். வெயில் இன்னும் சயனைட் மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தோண்டி, பொன்னை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டின மேடு. பொன் எங்கேயோ போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. துரைமார் போனார்கள், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் போனார்கள். மேடு எங்களுக்கு, காற்றடித்தால் கண்ணில் விழுகிற மண் எங்களுக்கு, என் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று கத்துகிறதே அந்தத் தூசி எங்களுக்கு. இந்தக் கோப்பை ஒன்றுதான் கம்பெனியிலிருந்து வந்த பொருளில் எங்களிடம் தங்கினது. அதையும் பத்து மணிக்கு.

வெள்ளிக் கோப்பை என்றுதான் அந்தக் காலத்தில் பெயர். வெள்ளி மேலே பூசினது, உள்ளே பித்தளை. கண்ணாடி அலமாரியில் இருந்திருந்தால் இன்றைக்கும் வெள்ளியாகவே இருந்திருக்கும், நாங்கள் அதைப் புளி போட்டுத் தேய்த்தோம். எங்களுக்கு என்ன தெரியும், பாத்திரம் என்றால் தேய்க்கிறதுதான். ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் தன் வீட்டுக்கு வந்த அன்றைக்குத் தேய்த்தாள், திருப்பித் தருகிற அன்றைக்கும் தேய்த்தாள், அடுத்தவள் நாக்கில் விழக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளி போயிற்று. வயிற்றில் வெட்டியிருந்த எழுத்து போயிற்று. எந்தத் துரை கொடுத்தான் என்று வெட்டியிருந்தது, அவன் பெயர்தான் முதலில் போயிற்று, கம்பெனி பெயர் அதற்கப்புறம். விரலை வைத்துத் தடவினால் கொஞ்சம் மேடு பள்ளம் தெரிகிறது, அவ்வளவுதான், அதுவும் என் விரலின் காய்ப்புத்தானோ என்னவோ. உள்பக்கம் ஈயம் பூசியிருக்கிறது. எந்த ஊரில் ஆட்டத்தில் ஜெயிக்கிற கோப்பைக்கு ஈயம் பூசுவான்? எங்கள் ஊரில் பூசுவான். ஏனென்றால் அதில் சோறு போடுகிறோம். இந்தக் கம்பெனி லைன் வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு முதல் சோறு இதிலிருந்துதான். சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி, மாதா கோவிலில் மணியடித்து ஜெபம் பண்ணுகிற வீடானாலும் சரி, புத்தர் படம் மாட்டின வீடானாலும் சரி, குழைய வடித்த சோறும் பருப்புத் தண்ணியும் இதில் போட்டுப் பிசைந்து முதல் வாய் ஊட்டினால்தான் அந்தப் பிள்ளை எங்கள் பிள்ளை. பித்தளையில் களிம்பேறக்கூடாதே என்று ஈயம். எந்தப் பாட்டன் சொன்னது, எந்தச் சாமி சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதுவாக வந்தது. எப்படி வந்தது என்றால், வேண்டாம், அங்கே போகவேண்டாம், இப்போது தேய்க்கிற வேலையைப் பார்.

நேற்று கடைசி வீட்டுக் கஸ்தூரி வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை. பொட்டைப்பிள்ளை, பல்லே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. "தாத்தா, நாளைக்குத்தான் சோறூட்டறோம். கோப்பை..." என்றாள். நாளைக்குக் காலையில் ஜீப் வருதும்மா என்றேன். பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "பரவால்ல தாத்தா, சில்வர் கிண்ணத்துல ஊட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரவால்ல என்கிற அந்தச் சொல்தான் ராத்திரியெல்லாம் என் காதுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. சண்டை போட்டிருக்கக்கூடாதா? என்னய்யா நீ, எங்கம்மாவுக்கு ஊட்டினே, எனக்கு ஊட்டினே, என் பிள்ளைக்கு வரும்போது மட்டும் ஜீப் வருதா என்று கேட்டிருக்கக்கூடாதா? கேட்கவில்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் ஆகிவிட்டோமா? பரவால்ல, பரவால்ல, எது போனாலும் பரவால்ல. நான் மட்டும் என்ன கிழித்தேன். கிஷோர் போன வாரம் வந்தபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். நல்ல பையன்தான், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். போனில் படம் காட்டினான். பெங்களூரில் ஒரு பெரிய கட்டிடத்தில் கண்ணாடி அலமாரி அலமாரியாக வைக்கப்போகிறார்களாம், பழைய ஆட்டத்துச் சாமான் எல்லாம். நாடா கட்டின தோல் பந்து ஒன்று, காற்று போய் வற்றின சுரைக்காய் மாதிரி. நாடா சாயம் போன மெடல்கள். சட்டை ஒன்றைத் தலையில்லாத பொம்மைக்குப் போட்டு, உள்ளே விளக்கு போட்டு. அந்தச் சட்டைக்காரன் வியர்வை எங்கே போச்சு தம்பி என்று கேட்டேன். சிரித்தான். அப்புறம் சொன்னான், "அங்கிள், ரெகார்டுல இது காணாமப்போன கப்பு. அந்த வருஷம் ஃபைனல் முடியவே இல்லே. முடியாததால யாருக்கும் சொந்தம் இல்லே, சங்கத்துக்குத்தான் சொந்தம். மேல இருக்கிறவங்க திருட்டுங்கிறாங்க, போலீஸுல சொல்லலாம்ங்கிறாங்க. நான்தான் வேணாம், பெரியவர்கிட்ட நான் பேசறேன்னேன்." கோப்பைக்கு அடியில் ஒரு அட்டை வைப்பார்களாம், காணாமல்போய்க் கிடைத்த கோப்பை என்று. காணாமல்போனதாம். எப்போடா காணாமல்போனது? இந்த லைனில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே, எந்த வீட்டில் இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று. உங்களுக்குக் காணவில்லை என்றால் நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இதெல்லாம் அப்போது சொல்லவில்லை. அப்போது சொன்னது, சரி தம்பி, தேய்ச்சி வைக்கிறேன். ஏன் சொன்னேன். பயம். குடியிருக்கிற வீடே நம் பெயரில் இல்லை, கம்பெனி வீடு, கம்பெனி செத்த பிறகும் வீடு கம்பெனியுடையதுதான். சங்கத்தில் இருக்கிறவர்கள் பெரிய ஆபீசர்களோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்கள். கோப்பைக்காக முறைத்தால் வீட்டைக் காலிபண்ணு என்பானோ? கிஷோர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன், நானே பயந்துகொண்டேன். மகன் போனில், "அப்பா, உனக்கு எதுக்கு வம்பு, குடுத்துடு" என்றான். கிஷோர் சொன்ன அந்தத் திருட்டு என்கிற சொல்லைப் பவுனம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது. அவள்தானே எடுத்தாள். மேஜை மேலிருந்து இந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் அவள்தானே.

இதோ இந்த வளைவில் துணி வழுக்கிக்கொண்டு போகிறது, மழை பெய்த கிரவுண்டில் பந்து வழுக்குகிற மாதிரி. அன்றைக்கும் மழை. பெய்து நின்றிருந்தது. எங்கள் ஷாப்ட்டுக்கும், அதாவது எங்கள் சுரங்கக் குழி ஆட்களுக்கும், மேற்கு ஷாப்ட்டுக்கும் ஃபைனல். முன்னே எல்லாம் ஆபீஸ் கிளார்க்குகள் டீம், பூட்ஸ் போட்ட டீம்தான் கோப்பை வாங்கும். குழியில் இறங்குகிற வெறுங்கால்காரர் டீம் இரண்டு கடைசி ஆட்டத்தில் மோதினது அதுதான் முதல் தடவை. கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஆடுவோம், நகம் பெயர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஆடுவோம். கோல் கம்பம்கூடக் குழிக்கு முட்டுக் கொடுக்கிற மரம்தான், பட்டை உரித்து நட்டது. நான் கோலி, கோல் காக்கிறவன். எத்திராஜ் நின்றால் எலி நுழையாது என்று லைனில் பொம்பளைகள்கூடச் சொல்லுவார்கள். ஆனாலும் ஒன்று நுழைந்துவிட்டது, நாங்களும் ஒன்று போட்டோம், ஒன்றுக்கு ஒன்று, பொழுது சாய்கிற நேரம், எங்கள் சாமிக்கண்ணு பந்தைக் கையால் தட்டிவிட்டான். ரெப்பரி டிமெல்லோ விசில் ஊதினார். பெனால்டி. உதைக்க வந்தவன் ஞானசுந்தரம். மேற்கு ஷாப்ட்டு ஞானம், இடது கால்காரன், இப்போது என் மச்சான், இதோ இந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான் பாருங்கள் அவன்தான். அப்போது எனக்கு அவன் மச்சான் இல்லை, எமன். பந்தை வைத்தான். சேற்றைத் துடைத்து, நாடா வானத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தான். பின்னால் போனான். ஈரம் குடித்த தோல் பந்து கல் மாதிரி கனக்கும், வயிற்றில் வாங்கினால் சோறு இறங்காது. நான் அவன் கண்ணைப் பார்க்கிறேன். அவன் என் வலது மூலையைப் பார்த்தான். வலது மூலையைப் பார்த்தால் அங்கே அடிக்கமாட்டான். அல்லது அடிக்கமாட்டான் என்று நான் நினைப்பேன் என்று நினைத்து அங்கேயேதான் அடிப்பான். என் குதிகால் எழும்பிவிட்டது. இடது பக்கமா, வலது பக்கமா, இடது, வலது, அவன் விரல் நுனியை ஊன்றி முன்னால் சாய்கிறான், அப்போது பந்து தானாக உருண்டது. யாரும் தொடவில்லை. காற்று இல்லை. வைத்த இடத்திலிருந்து மெதுவாக என்னைப் பார்த்து ஒரு சாண் உருண்டு நின்றது. கோல் வாயில் தேங்கியிருந்த தண்ணீர் நடுங்கிற்று. முட்டி வழியாக ஏறிற்று அந்த உதறல். நானும் ஞானமும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தோம். இரண்டு பேரும் குழிக்காரர்கள். இரண்டு பேருக்கும் தெரியும் அது என்ன என்று. பாறை வெடி. ஆழத்தில் மலை தன் இடுப்பை நகர்த்தினால் மேலே பந்து உருளும். அப்புறம்தான் சங்கு. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை, ஆபத்துக்கு விட்டு விட்டு ஊதுகிற சங்கு. டிமெல்லோ வாயிலிருந்து விசிலைத் துப்பிவிட்டு ஓடினார். எல்லாரும் ஓடினோம், கால்சட்டையோடு, கணுக்கால் துணி அவிழ்ந்து பின்னால் இழுபட. பந்து அங்கேயே கிடந்தது.

யார் கீழே இருந்தார்கள். துணி இங்கே மறுபடி சிக்குகிறது. யார் கீழே இருந்தார்கள் என்றால், எங்களுக்குப் பதில் இறங்கினவர்கள் இருந்தார்கள். ஃபைனல் ஆடுகிறவனுக்குக் கம்பெனி லீவு தராது, நீயே ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடும். எங்கள் டீமுக்கும் அவன் டீமுக்கும் பதில் ஷிப்டு பார்க்க அண்ணன் இறங்கினான், தம்பி இறங்கினான், மச்சான் இறங்கினான், ஜெயிச்சுட்டு வாடா என்று முதுகில் தட்டிவிட்டு இறங்கினார்கள். எனக்குப் பதில் என் அண்ணன் மாசிலாமணி. விளக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டே, "இடது பக்கம் சாயாதேடா, உனக்கு இடது பக்கம் கை நீளாது" என்று சொல்லிவிட்டு, குழிக்குள் ஆளை இறக்குகிற கேஜில் ஏறினான். கேஜ் கதவு மூடுகிற சத்தம். குழி வாயில் நாங்கள் நின்ற அந்த ராத்திரியைப் பற்றி நான் பேசுவதில்லை. ஒன்று மட்டும். மீட்கக் கீழே போய்வருகிற ஆட்கள் வாயெல்லாம் தூசியாக மேலே வருகிறார்கள், தொண்டையை நனைக்க ஒரு ஏனம் இல்லை. ஆளாளுக்கு ஓடிவந்தது, யார் லோட்டா எடுத்துவந்தான். கேண்டீன்காரர் ஒரு அண்டா நிறைய பால் இல்லாத டீ போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அப்போது ஒரு பெண் பிள்ளை வந்தாள், ஞானத்தின் தங்கச்சி, பவுனம்மாதான், பாவாடையெல்லாம் சேறு, கையில் இந்தக் கோப்பை. கிரவுண்டில் மேஜை மேல் தனியாக நின்றதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அண்டாவில் முக்கி எடுத்தாள். எந்த ஷாப்ட்டு, எந்த டீம் என்று பார்க்கவில்லை. வாயிலிருந்து வாய்க்குப் போயிற்று. நானும் குடித்தேன், ஞானமும் குடித்தான், டிமெல்லோவும் குடித்தார், இந்த விளிம்பில்தான், இந்த நசுங்கல் அன்றைக்கு யாரோ கைதவறிக் கீழே போட்டதில் ஆனது. அண்ணன் மேலே வரவில்லை. உடம்பு வந்தது, அவன் வரவில்லை. காரியத்துக்கு மறுநாள், அண்ணன் பிள்ளைக்குச் சோறூட்டவேண்டிய மாசம் தாண்டிக்கொண்டிருந்தது, அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், அடுப்பு எரியவில்லை, பிள்ளை பசியில் கத்துகிறது. துக்கம் விசாரிக்க வந்த பவுனம்மா திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த கோப்பையில், பக்கத்து வீட்டிலிருந்து நாலு பருக்கை சோறு வாங்கிப் பிசைந்து அந்தப் பிள்ளைக்கு ஊட்டினாள். அதுதான் முதல் சோறு. அதைப் பார்த்து அடுத்த வீடு கேட்டது. தகப்பன் இல்லாத பிள்ளைகள் அந்த வருஷம் நிறைய இருந்தன. அப்புறம் தகப்பன் இருக்கிற பிள்ளைகளும் கேட்டன. இதுதான் திருட்டு. எழுதிக்கொள் ரெகார்டில்.

"யோவ் எத்தி, இன்னும் தேய்ச்சிக்கினே இருக்கே, உள்ளாற பூதம் கீதம் வரப்போவுதா?" மதில் மேல் ஞானத்தின் தலை. பல் போன வாய், மண்டையில் மப்ளர், சித்திரை மாசத்திலும் மப்ளர். "வந்தா உன்னைத் தூக்கிக்கினு போகச் சொல்றேன் மச்சான்" என்றேன். "என்னை இன்னாத்துக்கு? கோல் போட்டவனை விட்டுட்டு கோல் வாங்கினவனைத்தான் கூட்டினு போவும்." "எங்கேடா போட்டே? உதைக்கவே இல்லியே!" "உதைச்சிருந்தா வலையிலதான்." "உதைச்சிருந்தா என் கையிலதான்." இது தினமும் நடக்கிற பூசை. பவுனம்மா எங்களுக்குக் கழுத்தை நீட்டின நாளிலிருந்து, அதாவது எனக்குக் கழுத்தை நீட்டி இவனுக்குத் தலைவலியைக் கொடுத்த நாளிலிருந்து, இதே வழக்குதான். எந்தப் பக்கம் அடிக்க இருந்தே, சொல்லித் தொலையேன். கல்யாணப் பந்தியில் கேட்டேன், சொல்லவில்லை. சாராயம் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், குடித்துவிட்டுச் சொல்லவில்லை. கண்ணுக்கு ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தான், மச்சான், இப்பவாவது சொல்லு என்று காதருகே கேட்டேன், கட்டுக்குக் கீழே சிரித்தான். அவன் செத்துப்போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது நான் செத்துப்போவதற்குள். நெஞ்சுக்குள் தூசி கத்துகிற ராத்திரிகளில் நான் கோல் வாயில் நிற்கிறேன், அவன் சாய்கிறான், அண்ணன் குரல் கேட்கிறது இடது பக்கம் சாயாதேடா என்று, பந்து உருளுகிறது, நிற்கிறது. அதற்கு மேல் படம் ஓடுவதில்லை. இப்போது ஞானம் மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு கோப்பையையே பார்க்கிறான். கிண்டல் எல்லாம் கரைந்துவிட்டது. "நெசமாவே குடுக்கப்போறியா?" என்றான். "வேற இன்னா பண்றது? ரெகார்டுல இருக்குதாம், ஃபைனல் முடியலேன்னு." "முடியலதான்" என்றான் அவன். "டிமெல்லோ கடைசி விசில் ஊதவே இல்லியே. வாயில இருந்ததைத் துப்பிட்டு ஓடினாரு." சொல்லிவிட்டு இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

ஊதவே இல்லியே. துணியை மறுபடி வைக்கிறேன், அதே இடத்தில் அதே நூல். ஊதவே இல்லை. கண்ணாடி அலமாரிக்குள் இதை வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன். நசுங்கலைத் தட்டி எடுத்துவிடுவார்கள். மேலே மறுபடி வெள்ளி பூசுவார்கள். துரை பெயரைத் தேடிப் பிடித்து மறுபடி வெட்டுவார்கள், அவனாவது திரும்பி வருவான். ஈயத்தைச் சுரண்டிவிடுவார்கள். விளக்கு போடுவார்கள். யாரும் வாய் வைக்காத கோப்பை ஆகிவிடும். காணாமல்போய்க் கிடைத்தது. அப்போது உண்மையாகவே காணாமல்போய்விடும். இரு. இரு, எத்திராஜ், கொஞ்சம் நில்லு, மூச்சைப் பிடி. அவன் என்ன சொன்னான்? ஃபைனல் முடியவில்லை என்று சொன்னான். முடியாததால் யாருக்கும் சொந்தமில்லை என்றான். முடியவில்லை என்பதுவரைக்கும் சரி. மச்சான் சொல்வதும் அதைத்தான். விசில் ஊதவில்லை. விசில் ஊதாத ஆட்டத்துக்கு என்ன பெயர்? கிரவுண்டில் நின்றவனுக்குத் தெரியும் அதற்குப் பெயர். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும் தெரியும். இவ்வளவு காலமாக நான் அதை எப்போதோ நடந்து முடிந்ததாகவே நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அது முடியவே இல்லை என்றால் என் குதிகால் ஏன் இன்னும் எழும்புகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. கையிலிருந்த துணியை வாளியில் போட்டேன். கோப்பையின் ஒரு பக்கம் பளபளக்கிறது, மறுபக்கம் கறுப்பாகவே இருக்கிறது. இருக்கட்டும். நீ இதைத் தேய்க்கிறது யாருக்காக, எவனோ அலமாரிக்காரனுக்காகவா? வீடு போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, பொய் எதற்கு, பயம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, என் பக்கத்தில் இந்தக் கல்லின் மேலேயே. உட்காரட்டும். பெனால்டிக்கு நின்றபோதும் பயந்துகொண்டுதான் நின்றேன். "பவுனு" என்று கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்தாள். கோப்பையைப் பார்த்தாள், வாளியில் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கஸ்தூரியைச் சோறு வடிக்கச் சொல்லு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குழைய வடிக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், நடையா அது, சேறு தெறிக்க ஓடிவந்தவளின் நடை.

ஜீப் ஹாரன். கிஷோர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அங்கிள், ரெடியா?" என்கிறான். கையில் பஞ்சு வைத்த பெட்டி. வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கோப்பை என் மடியில். வாசலில் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள், ஞானம் கைத்தடியோடு சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்கிறான். "உக்காரு தம்பி" என்றேன். "போன வாரம் ஃபைனல் முடியலேன்னு சொன்னே இல்ல?" "ஆமா அங்கிள், ரெகார்டுல அப்படித்தான்." "ரெகார்டு கரெக்டு. ஒண்ணுக்கு ஒண்ணு. பெனால்டி பாக்கி. உதைக்கிறவன் இதோ நிக்கறான், பிடிக்கிறவன் நான் உக்காந்திருக்கேன். விசில் ஊதல. ஆட்டம் நடந்துக்கினு இருக்குது. நடக்கிற ஆட்டத்துல நடுவுல பூந்து கோப்பையை யாருய்யா தூக்கினு போவான்?" கிஷோர் சிரிக்கப் பார்த்தான். "அங்கிள், எத்தனை வருஷம் ஆச்சு..." "மழை தம்பி" என்றான் ஞானம். "கிரவுண்டு காயட்டும்னு இருக்கோம்." வாசலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிஷோருக்கு முகம் சிவந்தது. ரோஷக்காரப் பையன், சட்டென்று ஜீப்புக்குப் போய் ஒரு புதுப் பந்தை எடுத்துவந்து தரையில் வைத்தான். "சரி பெரியவரே, பாக்கிதானே, இப்பவே உதைச்சி முடிச்சிடுங்க. நான் விசில் அடிக்கிறேன். யார் ஜெயிச்சாலும் அப்புறம் கப்பு என்கிட்ட வந்துடணும்." சிரிப்பு நின்றது. ஞானம் பந்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வையை நான் அறிவேன். இத்தனை காலம் இந்த உதைக்காகத்தானே அவன் உயிர் வைத்திருக்கிறான், அவனுக்கும் ராத்திரிகள் உண்டு, அவனுக்குப் பதில் இறங்கினவனும் ஒருவன் இருந்தான். கைத்தடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான். இடது காலை லேசாக முன்னால் வைத்தான். மச்சான், வேண்டாம்டா. சொல்லவில்லை, நினைத்தேன். கைத்தடி நுனியால் பந்தை மெதுவாக உருட்டி கிஷோர் காலடிக்கே தள்ளினான். "ரெப்பரி நீ இல்லியே ராஜா. ரெப்பரி டிமெல்லோ." "அவர் எங்க இருக்கார்?" "கல்லறைத் தோட்டத்துல, தைல மரத்துக்குக் கீழ. போய்க் கூட்டினு வா. விசிலோட வரச் சொல்லு. ஆடறோம்."

கிஷோர் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டான். "நான் போய் மேல இன்னா சொல்றது அங்கிள்?" என்றான், குரல் இறங்கிவிட்டது. ஆட்டம் நடக்குதுன்னு சொல்லு என்றேன். படம் எடுத்துக்கோ, உன் அலமாரியில படத்தை வை, அட்டையில அதையே எழுது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று. போலீஸ் வருதுன்னா வரட்டும், வரவங்களுக்கும் இதுலயே டீ குடுப்போம், எங்க வழக்கம் அது. என் குரல்தானா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நெஞ்சுக்குள் தூசி கத்துகிறது, கத்தட்டும், அதற்கு மேலே இந்தக் குரல் ஏறி நிற்கிறது. பவுனம்மா முன்னால் வந்தாள். "தம்பி, எடுத்தவ நான்தான். பேர் எழுதணும்னா என் பேரை எழுதிக்கோ. பவுனம்மா" என்றாள், நிறுத்தி, நிதானமாக, அவன் எழுதிக்கொள்ளட்டும் என்று. அவன் எழுதவில்லை. படம் எடுத்தான். பாதி பளபளப்பும் பாதி கறுப்புமாக எடுத்தான். மறுபடியும் ஆள் வருவாங்க அங்கிள், என்னை மாதிரி பேசமாட்டாங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். வரட்டும், நாங்க எங்க போகப்போறோம் என்றான் ஞானம். ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் கஸ்தூரி சோற்றோடு வந்துவிட்டாள், ஆவி பறக்கிறது. கோப்பையைக் கழுவிக் கொடுத்தேன். கறுப்புப் பக்கம் அவள் பக்கம் இருந்தது, அவள் பார்க்கவும் இல்லை. பிசைந்தாள். பிள்ளை முதல் வாயைத் துப்பிற்று, எல்லாரும் கத்தினோம், இரண்டாவது வாயை யோசித்து விழுங்கிற்று. விழுங்கினதும் விளிம்பு நசுங்கலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஞானம் என் தோளில் கை வைத்துக் குனிந்தான், வாயில் புகையிலை வாசனை. "எத்தி" என்றான் காதுக்குள், இவ்வளவு காலத்தில் கேட்காத ஒரு குரலில். "எந்தப் பக்கம்னு சொல்லிடட்டுமா?" கேட்கவேண்டும் என்று உயிர் துடித்தது. "வாயை மூடு மச்சான்" என்றேன். "சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சிடும்." அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, நாலு அடி பின்னால் போய் நின்று, என் வலது பக்கத்தைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் குதிகால் எழும்பிற்று.